குத்துற சத்தத்தை வைத்துப் பீரங்கி நின்ற இடத்தைச் சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். முதலாம் உலகப் போரில் பிரித்தானியர், கண்ணுக்குத் தெரியாத ஜேர்மன் பீரங்கிகளை அவற்றின் ஒலியைக் கொண்டே கண்டுபிடித்துத் திருப்பி அடித்தார்கள் என்று படித்திருக்கிறீர்கள்; அது எவ்வளவு உண்மை, எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்பது உங்கள் முதற் கேள்வி. 2008 இல் விசுவமடுவில் பங்கருக்குள் இருந்தபோது, செல் குத்துற சத்தம், அதாவது அது குழலிலிருந்து புறப்படும் சத்தம், கேட்டதும் உங்கள் அப்பா எண்ணத் தொடங்கி, இன்ன பக்கத்தால் வருகிறது என்று சொல்வாராம். அந்தக் கணக்குச் சரிதானா என்பது இரண்டாவது. உங்கள் வளவில் நிற்கும் பனைகளில் சிதறுதுண்டுகள் கிழித்த காயங்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றைப் பார்த்து எறிகணை எங்கிருந்து வந்தது என்று இப்போது சொல்லலாமா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்து வாசித்தபோது எனக்குப் பட்டது இதுதான்: ஒரு சூடு புறப்பட்ட இடத்தை மனிதர் எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும், அந்த உறுதி எந்த இடத்தில் முடிந்துவிடுகிறது என்பதையே நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் படைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். பீரங்கியை இயக்கிய அனுபவம் எனக்கு இல்லை. நான் நில அளவையாளன். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காணி அளந்தே என் தொழில் வாழ்க்கை கழிந்தது. போர் முடிந்தபின் சில ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் பணிக்காக நிலத்தை அளந்து எல்லையிட்டுக் கொடுத்தேன். ஆனால் நீங்கள் கேட்கும் வரலாற்றின் பெரும்பகுதி நில அளவையின் வரலாறுதான் என்பதால், அந்தப் பக்கத்தை ஓரளவு நம்பிக்கையோடு எழுத முடியும்.

எதிர்ப் பீரங்கிச் சூடு என்றால், எதிரியின் காலாட்படையை விட்டு எதிரியின் பீரங்கியையே இலக்காக வைத்து அடிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை இதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. இரு பக்கப் பீரங்கிகளும் ஒன்றையொன்று பார்த்தபடி வெளியில் நின்றன. கண்ணால் குறிபார்த்து அடித்தார்கள். தென்னாபிரிக்காவின் பூவர் போரும் 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரும், வெளியில் நிற்கும் பீரங்கி இனித் தப்பாது என்பதைக் காட்டின. அந்தப் பாடம் தெரிந்திருந்தும் பிரித்தானியர் 1914 ஓகஸ்ட் 26 அன்று பிரான்சின் லெ கட்டோ என்ற இடத்தில் தங்கள் பீரங்கிகள் பலவற்றைக் காலாட்படைக்கு அருகே, வெளியில் நிறுத்திச் சண்டையிட்டார்கள். அன்று ஒரே நாளில் 38 பீரங்கிகளை இழந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் மேட்டுக்குப் பின்னாலும் காட்டுக்குள்ளும் போய் மறைந்துகொண்டார்கள். சுடுபவனுக்கு இலக்குத் தெரியாது, இலக்குக்குச் சுடுபவன் தெரியாது என்ற நிலை வந்தது.

இந்த நிலையில் ஒரு பீரங்கியை அடிக்க வேண்டுமானால் மூன்று விடயங்கள் சரியாகத் தெரிய வேண்டும். என் பீரங்கி நிற்கும் இடம், எதிரியின் பீரங்கி நிற்கும் இடம், இன்றைய காற்றிலும் வெப்பத்திலும் என் எறிகணை எவ்வாறு பறக்கும் என்பது. இவற்றுள் முதலாவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அதுவே. பிரித்தானியப் படை பிரான்சில் இறங்கியபோது அதனிடம் இருந்த வரைபடங்கள் படை நகர்த்தப் போதுமானவை; ஒரு பீரங்கியை வரைபடத்தில் பார்த்து அடிக்கப் போதுமானவை அல்ல. பிரெஞ்சு முக்கோண அளவையையும் பெல்ஜிய முக்கோண அளவையையும் ஒன்றோடொன்று பொருத்தி, தேவாலயக் கோபுரங்களையும் ஆலைப் புகைபோக்கிகளையும் நிலைப்புள்ளிகளாக எடுத்து, ஒவ்வொரு பீரங்கிக் குழிக்கும் ஆள்கூறு கொடுக்க வேண்டியிருந்தது. இதைச் செய்தவர்கள் றோயல் எஞ்சினியர்ஸ் பிரிவின் நில அளவையாளர்கள். தொடக்கத்தில் பீரங்கிப் படையினர் இவர்களை நம்பவில்லை. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் என்று சோதிடர் பட்டம் கட்டினார்கள். 1916 இல் இந்தச் சோதிடர்களைக் கொண்டு ஒவ்வொரு இராணுவத்துக்கும் ஒரு கள அளவைக் கம்பனி அமைக்கப்பட்டது. பின்னால் வரும் வெற்றிகள் எல்லாம் இவர்கள் நட்ட முளைகளின் மேல் நின்றவை. எங்கள் நில அளவைத் திணைக்களம் 1800 இல் தொடங்கியது. அதில் வேலை பழகியவர்களுக்கு, தவறான ஒரு நிலைப்புள்ளியிலிருந்து தொடங்கினால் அடுத்த நூறு அளவுகளும் தவறு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எதிரியின் இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு வழிகள் இருந்தன: வானூர்தியிலிருந்து பார்ப்பது, வானிலிருந்து எடுத்த ஒளிப்படம், சுடும்போது எழும் ஒளிப் பொறி, சுடும் ஒலி. ஒளிப் பொறி முறை ஒரு நில அளவையாளனுக்கு மிக எளிதாகப் புரியும். இடம் அளந்து உறுதிசெய்யப்பட்ட மூன்று நான்கு காவல் நிலைகளில் ஆட்கள் கோணமானியுடன் இருப்பார்கள்; இரவில் பொறி தெரிந்ததும் ஒவ்வொருவரும் திசைகோணத்தை வாசிப்பார்கள்; கோடுகள் வெட்டும் இடத்தில் பீரங்கி. இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நூற்றுக்கணக்கான பீரங்கிகள் சுடும் இரவில் நால்வரும் ஒரே பொறியைத்தான் பார்த்தார்கள் என்பதற்கு என்ன உறுதி? ஹெமிங் என்ற அதிகாரி இதற்கு ஒரு பலகை செய்தார். ஒவ்வொரு நிலையிலும் ஆள் பொறியைக் கண்ட கணத்தில் ஒரு சாவியை அழுத்துவான். நடு நிலையத்தில் விளக்கு எரியும். எல்லா விளக்குகளும் ஒரே கணத்தில் திரும்பத் திரும்ப எரிந்தால் எல்லாரும் பார்ப்பது ஒரே பீரங்கி. எளிமையான ஏற்பாடுதான், ஆனால் அதன் பின்னரே அந்த முறை நம்பத்தக்கதாயிற்று.

இனி ஒலி. இந்த எண்ணம் பிரித்தானியருடையது அல்ல. ஜேர்மனியில் லியோ லோவென்ஸ்டைன் போருக்கு முன்பே இதை முன்வைத்திருந்தார். பிரான்சில் நோர்ட்மன் என்ற வானியலாளரும் லூசியன் புல் என்பவரும் 1914 இலேயே சோதனை செய்தார்கள். பிரித்தானியா 1915 இல் வில்லியம் லோறன்ஸ் பிராக் என்ற இளம் இயற்பியலாளரை இதற்காகப் பிரான்சுக்கு அனுப்பியது. அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். அதே ஆண்டு தந்தையோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றபோது வயது 25. அந்த ஆண்டிலேயே அவருடைய தம்பி கலிப்போலியில் இறந்தார்.

முறையின் கணக்கு இது. இரண்டு ஒலிவாங்கிகளை 1500 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். பீரங்கியின் ஒலி ஒன்றுக்கு முதலிலும் மற்றதற்கு ஒரு செக்கன் பிந்தியும் வந்து சேர்ந்தால், பீரங்கி முதலாவதைவிட இரண்டாவதிலிருந்து ஏறத்தாழ 340 மீற்றர் கூடுதல் தூரத்தில் இருக்கிறது. அவ்வாறான புள்ளிகள் எல்லாம் ஓர் அதிபரவளைவில் அமையும். மூன்றாவது ஒலிவாங்கி இன்னொரு வளைவைத் தரும். இரண்டும் வெட்டும் இடம் விடை. பிரித்தானியர் ஆறு ஒலிவாங்கிகளை ஒரு வில் வடிவில் வரிசையாக வைத்தார்கள். அவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அவதானி இருப்பான். சத்தம் அவன் காதுக்கு எட்டியதும் சாவியை அழுத்த, பின்னால் இருக்கும் கருவி ஓடத் தொடங்கி, ஆறு மெல்லிய கம்பிகளின் அசைவைச் சினிமாப் படச்சுருளில் பதியும். நேரத்தை நூறில் ஒரு செக்கனுக்கு வாசித்தார்கள். அந்த நூறில் ஒரு செக்கன் என்பது 3.4 மீற்றர்; 8 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் பீரங்கியின் இடத்தை அது பக்கவாட்டில் 18 மீற்றர் நகர்த்திவிடும்.

ஆனால் முதல் ஓராண்டு முறை சரியாக வேலை செய்யவில்லை. காரணம், பீரங்கியிலிருந்து வருவது ஒரு சத்தம் அல்ல. எறிகணை ஒலியை விட வேகமாகப் பறந்தால் அதன் முனையிலிருந்து சவுக்கடி போன்ற ஒரு கூர்மையான வெடிப்பொலி எழுகிறது. அது பறக்கும் பாதையிலிருந்து வருவது. பீரங்கியின் வாயிலிருந்து வருவது ஆழ்ந்த, கனத்த உந்தல். அதற்குச் சுருதி மிகக் குறைவு, காதுக்கு அவ்வளவு கேட்காது, உடம்புக்குத் தெரியும். அப்போதைய ஒலிவாங்கிகள் கூர்மையான வெடிப்பொலிக்கே துடித்தன. தேவையான கனத்த உந்தல் பதிவில் விழவில்லை. பிராக் பின்னாளில் இதை விளக்கும்போது ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவர் தங்கியிருந்த வீட்டின் மலசலகூடத்துக்கு யன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் வெளிக்காற்றுக்கு இருந்த ஒரே வழி இருக்கைக்குக் கீழே போகும் குழாய். அயலில் ஒரு பிரித்தானியப் பீரங்கி சுடும் ஒவ்வொரு முறையும் தான் இருக்கையிலிருந்து சற்றே மேலே தூக்கப்படுவதை உணர்ந்தாராம். காதுக்குப் பெரிதாகப் படாத அந்த ஒலிக்குள் அவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பது அங்கே புரிந்தது. அவருடைய குழுவில் இருந்த கோப்ரல் டக்கர், தான் படுத்திருந்த கொட்டகையின் சுவரில் இருந்த துளைகளினூடாகப் பீரங்கி சுடும்போதெல்லாம் முகத்தில் குளிர்காற்று ஊதுவதைக் கவனித்திருந்தார். மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட மெல்லிய கம்பியில் காற்று பட்டால் அது குளிரும், குளிர்ந்தால் அதன் மின்தடை மாறும் என்பது அவருக்கு முன்பே பழக்கமான செய்தி. ஒரு பெட்டியில் துளையிட்டு அந்தத் துளையின் குறுக்கே கம்பியைப் பொருத்தினார்கள். 1916 இல் முதல் முறை வைத்துப் பார்த்தபோது கூர்மையான வெடிப்பொலிக்குப் பதிவுக்கோடு அசையவில்லை. பீரங்கி வாயின் உந்தலுக்கு மட்டும் தெளிவாகத் துள்ளியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கருவி சரியானபின் மிஞ்சியது காற்று. பிரான்சில் பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது பிரித்தானியர் பக்கமிருந்து ஜேர்மன் பக்கம் நோக்கிக் காற்று வீசும். எதிர்க்காற்றில் வரும் ஒலி வளைந்து மேலே போய்விடும், ஒலிவாங்கிக்கு எட்டாது. வெப்பநிலையும் அப்படித்தான். சுழியப் பாகையில் ஒலி செக்கனுக்கு 331 மீற்றர் போகும். எங்கள் வன்னி வெயிலில் 30 பாகையில் ஏறத்தாழ 349. பத்துப் பாகை வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க மறந்தால், மேலே சொன்ன 8 கிலோமீற்றர்க் கணக்கில், பக்கத்தில் தள்ளி நிற்கும் ஒரு பீரங்கியின் இடம் 80 மீற்றர் வரை பிசகும்.

இதை நான் நேரில் செய்து பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், அறுவடை முடிந்த ஒரு வயலில், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளோடு மூன்று கைபேசிகளை 60 மீற்றர் இடைவெளியில் வரம்பின் மேல் வைத்தோம். மூன்றையும் முதலில் ஒன்றாக வைத்துப் பதிவைத் தொடக்கி ஒரு தடவை கைதட்டினோம். அந்தக் கைதட்டல் மூன்று பதிவுக்கும் பொதுவான சுழியம். பிறகு இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, 150 மீற்றருக்கு அப்பால் சீனவெடி கொளுத்தினோம். விடியற்காலை, காற்று அசையாத நேரம், கணக்கில் வந்த திசை உண்மைத் திசையிலிருந்து ஒரு பாகைக்குள் நின்றது. பத்து மணிக்குமேல் கச்சான் காற்று குறுக்காக அடிக்கத் தொடங்கியதும், அதே இடத்தில் கொளுத்திய வெடி கணக்கில் மூன்று மீற்றருக்கு மேல் விலகிப் போய் நின்றது. வெடித்த இடத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருந்தும் தாளில் அது வேறிடத்தில் இருந்தது. காற்றைத் திருத்தும் கணக்குப் போட்ட பிறகே சரியாகியது. 150 மீற்றரில் மூன்று மீற்றர் என்றால் 8 கிலோமீற்றரில் அது 160 மீற்றர்.

இனி இவையெல்லாம் போர்க்களத்தில் என்ன செய்தன என்பது. 1916 யூலை 1 அன்று சோம் சமர் தொடங்குமுன் பிரித்தானியர் ஏழு நாட்கள், ஏறத்தாழ 1500 பீரங்கிகளைக் கொண்டு, 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட எறிகணைகளை அடித்தார்கள். அவற்றுள் பெரும்பகுதி அகழிகளுக்கும் முட்கம்பிக்கும் போனது; எதிரியின் பீரங்கிகளுக்கு ஒதுக்கியது போதவில்லை. ஜேர்மன் பீரங்கிகள் பல பிழைத்திருந்தன; காலாட்படை வெளியே வந்ததும் அவை வாய் திறந்தன. அந்த ஒரு நாளில் பிரித்தானியர் இழந்தது 57,470 பேர். அவர்களில் இறந்தவர்கள் 19,240 பேர். இழப்பு முழுவதையும் பீரங்கிமேல் போட முடியாது, இயந்திரத் துப்பாக்கிக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் தெற்கு முனையில், மொந்தோபன் பகுதியில், பிரெஞ்சுக் கனரகப் பீரங்கிகளின் துணையோடு எதிர்ச்சூடு நன்றாக நடந்தது. அங்கே இலக்குகள் பிடிபட்டன. இந்த ஒப்பீடு யாருடைய கண்ணிலும் படாமல் போகவில்லை.

1916-17 குளிர்காலத்தில் ஒவ்வொரு கோருக்கும் (பல டிவிசன்கள் சேர்ந்த பெரும் படைப்பிரிவு) எதிர்ச்சூட்டுக்கென்றே ஓர் அதிகாரியும் அலுவலகமும் அமைத்தார்கள். நான்கு வழியிலும் வரும் செய்தி ஒரே மேசைக்கு வரும். ஒவ்வொரு எதிரிப் பீரங்கி நிலைக்கும் ஓர் அட்டை, அது எப்போது சுட்டது, எங்கே இடம் மாறியது என்ற குறிப்பு. கருவிகளைவிட இந்த மேசை பெரிய மாற்றம் என்பது என் கருத்து. 1917 ஏப்ரல் 9 அன்று விமி மேட்டைக் கனேடியர் தாக்கியபோது அந்த மேசையில் இருந்தவர் மக்நோட்டன் என்ற பொறியியலாளர். எதிரியின் 212 பீரங்கிகளில் 176 ஐ, அதாவது 83 வீதத்தை, முன்கூட்டியே இடம் கண்டுவிட்டார்கள். 1917 நவம்பர் 20 இல் கம்ப்ரே சமரில் இன்னொரு படி போனார்கள். அதுவரை, தாக்குமுன் ஒவ்வொரு பீரங்கியும் ஓரிரு குண்டை அடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்; எதிரிக்கு அதுவே முன்னறிவித்தலாகிவிடும். கம்ப்ரேயில் ஏறத்தாழ 1000 பீரங்கிகள், ஒரு சோதனைக் குண்டும் அடிக்காமல், வரைபடத்தையும் வானிலைச் செய்தியையும் ஒவ்வொரு குழலின் தேய்மானக் கணக்கையும் மட்டும் நம்பி ஒரே நேரத்தில் சுடத் தொடங்கின. 1918 ஓகஸ்ட் 8 அன்று அமியான் சமரில் 530 ஜேர்மன் பீரங்கிகளில் 504 இன் இடம் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துவிட வேண்டும். இடம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் பீரங்கி அழிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. 83 வீதம் என்பதைப் பலர் அழித்த கணக்காக எழுதுகிறார்கள், அது தவறு. 1917 இன் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியர் அழிப்பதையே இலக்காக வைக்கவில்லை. ஒரு பீரங்கியை நேராக அடித்து உடைக்க நூற்றுக்கணக்கான எறிகணைகள் வேண்டும்; அதன் ஆட்களைச் சில மணி நேரம் செயலற்றவர்களாக்கி வைக்க அவ்வளவு தேவையில்லை. நச்சுவாயு எறிகணை அடித்தால் முகமூடியோடு குண்டு தூக்கிச் சுட வேண்டும், சூடு தளர்ந்துவிடும். அவ்வளவு போதும் என்று முடிவு செய்தார்கள். அடுத்து, இந்த வெற்றியில் ஒலிக்கு எவ்வளவு பங்கு, பொறிக்கு எவ்வளவு, ஒளிப்படத்துக்கு எவ்வளவு என்பதில் எழுதுகிறவர்களுக்கிடையே ஒற்றுமை இல்லை. அவரவர் தம் பிரிவை உயர்த்தியே நினைவுக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நல்ல காலநிலையில் ஒலிமுறை ஒரு பீரங்கியை 50 மீற்றருக்குள் காட்டியது என்பதை ஏற்கலாம். எல்லா நாட்களிலும் அப்படி என்று சொன்னால் ஏற்க வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடிப்படை மாறவில்லை. 1942 ஒக்டோபர் 23 இரவு 9.40 க்கு எகிப்தின் எல் அலமேனில் ஏறத்தாழ 900 பிரித்தானியப் பீரங்கிகள் முதற் 15 நிமிடமும் எதிரியின் பீரங்கி நிலைகளையே அடித்தன. அதன் பிறகுதான் முன்னரண்களுக்குத் திரும்பின. அது 1918 இன் பாடம் அப்படியே. புதிதாக வந்தது ராடார். எறிகணை மேலெழும்போது அதை ராடார் சில புள்ளிகளில் பிடித்து, பாதையைப் பின்னோக்கி வரைந்து புறப்பட்ட இடத்தைச் சொல்கிறது. முதலில் மோட்டாருக்கு (குண்டை மிக உயர எறியும் குட்டைக் குழல்) எதிராகவும், பின்னர் எல்லாவற்றுக்கும் எதிராகவும் வளர்ந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அயலிலேயே சான்று உண்டு. 1999 கார்கில் போரில் இந்திய இராணுவத்திடம் பீரங்கிகளைக் கண்டுபிடிக்கத்தக்க இத்தகைய ராடார் இல்லை. இரண்டரை இலட்சம் எறிகணைகள் அளவில் சுட்டும், மலைக்குப் பின்னால் இருந்த பாகிஸ்தானியப் பீரங்கிகளைக் கண்டுபிடிப்பதில் அது பெரும் குறையாக இருந்தது. பின்னர் அமெரிக்காவிடமிருந்து 12 ராடார்கள் வாங்கினார்கள். சுவாதி என்ற பெயரில் தாங்களும் ஒன்றைச் செய்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் மாறாத ஒன்று, கணக்கின் விடை. அது ஒலிவாங்கியிலிருந்து வந்தாலும் ராடாரிலிருந்து வந்தாலும் தாளில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் சில நிமிடங்களுக்கு முன் ஒரு பீரங்கி இருந்தது என்பது மட்டுமே அதன் பொருள். இப்போது அது அங்கே நிற்கிறதா, அதற்கு 100 மீற்றர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. பிரான்சின் போர்முனையில் பெரும்பாலான ஊர்கள் வெறுமையாகிவிட்டிருந்தன. பிசகிய குண்டு சேற்றில் விழுந்தது. வன்னியில் அப்படி இருக்கவில்லை.

வன்னியைப் பற்றிப் பதிவில் உறுதியாக உள்ளவற்றை மட்டும் சொல்கிறேன். 1996 யூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது புலிகள் இரண்டு 122 மில்லிமீற்றர்ப் பீரங்கிகளைக் கைப்பற்றினார்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவில் 152 மில்லிமீற்றர் வகையும் கிடைத்தது. அதன்பின் இரு பக்கமும் ஆட்லறி, அதாவது தொலைதூரப் பீரங்கி, வைத்திருந்த போராக இது மாறியது. 2006 ஓகஸ்ட்டில் பூநகரிப் பக்கமிருந்து பலாலி ஓடுபாதை அடிக்கப்பட்டது. 2008 நவம்பர் 15 இல் பூநகரி இராணுவத்திடம் போனதும் அந்த அச்சுறுத்தல் நீங்கியது. ஆளில்லா வேவு வானூர்தியை நாங்கள் வண்டு என்று சொன்னோம். வண்டு இரைந்து சுற்றினால் அடுத்து என்ன வரும் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். 2009 சனவரியில் சுதந்திரபுரத்தை அண்டி முதலாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 35.5 சதுர கிலோமீற்றர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் தந்த அறிக்கை, இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் இழப்பின் பெரும்பகுதி அரச படைகளின் எறிகணை வீச்சால் நேர்ந்தது என்றும், மக்களை வந்து சேரச் சொன்ன மூன்று வலயங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கப்பட்டன என்றும் கூறுகிறது. புலிகள் இடம்பெயர்ந்த மக்கள் திரளுக்கு அருகிலிருந்தும் மருத்துவமனை போன்ற இடங்களின் அயலிலிருந்தும் ஆட்லறி சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அருகில் ஒரு பீரங்கி நின்றது என்பது அந்த இடத்தில் எதையும் அடிக்கலாம் என்ற உரிமையைத் தருவதில்லை. பிசகு எத்தனை மீற்றர் என்று தெரிந்தவர்களே சுடுகிறார்கள், அந்த மீற்றர்களுக்குள் மருத்துவமனை இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்களுடைய கணக்கின் பகுதிதான்.

இப்போது உங்கள் அப்பா. எண்ணுவதில் பொருள் உண்டு. மோட்டார்க் குண்டு மிக உயர எழும்பி இறங்குவது. 4 கிலோமீற்றரிலிருந்து குத்தினால் சத்தம் 12 செக்கனுக்குள் வந்துவிடும், குண்டு விழ அரை நிமிடத்தை நெருங்கும். அந்த இடைவெளியில் பங்கருக்குள் பாயலாம். எத்தனையோ குடும்பம் அப்படித்தான் பிழைத்தது. ஆட்லறியில் தூரத்தையும் வகையையும் பொறுத்து இந்த இடைவெளி சில செக்கன்களாகச் சுருங்கும், நேராகப் பறக்கும் குண்டு சத்தத்துக்கு முன்பே வந்துவிடும். ஆகவே குத்துற சத்தத்துக்கும் விழுகிற சத்தத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையை வைத்து, இது மோட்டாரா ஆட்லறியா என்பதைப் பழகிய காது சரியாகவே சொல்லும். திசை வேறு விடயம். கனத்த ஒலியின் திசையைக் காதால் பிரித்தறிவது கடினம். அதைவிட, பங்கருக்குள் இருப்பவருக்கு எந்தச் சத்தமும் வாசல் பக்கத்தாலேயே வரும். வாசல் தெற்குப் பார்த்திருந்தால் வடக்கே குத்தினாலும் தெற்கால் கேட்கும். அப்பா வெளியே நின்று கேட்ட நாட்களில் சொன்னதை ஓரளவு நம்பலாம், உள்ளே இருந்து சொன்னதை நம்புவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. அதை அவருடைய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு ஒலிவாங்கியும் படச்சுருளும் வேண்டியிருந்த வேலை அது.

கடைசியாகப் பனைகள். எறிகணை விழுந்த குழியிலிருந்து திசை காண்பது பழைய முறைதான். சாய்வாக வந்து நிலத்தில் பட்டவுடன் வெடிக்கும் எறிகணை, இரு பக்கமும் இறக்கை விரித்ததுபோல் மண்ணைச் சிதறடிக்கும். அந்த இரண்டு இறக்கைகளுக்கும் நடுக்கோட்டைத் திசைகாட்டியால் எடுத்தால் வந்த வழி தெரியும். அதற்குக் குழி சில மணி நேரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் பல குழிகள் வேண்டும், மண்ணும் பிடித்து நிற்க வேண்டும். விசுவமடுச் செம்மண்ணில் குழி சில காலம் வடிவத்தோடு நிற்கும். மாத்தளன், முள்ளிவாய்க்கால் மணலில் ஒரு மழைக்குத் தாங்காது. மரத்தின் காயம் இதைவிடக் குறைவாகவே சொல்லும். பனையில் உள்ள காயத்தின் ஆழமும் சரிவும் எறிகணை வெடித்த இடத்தைக் காட்டும்; இரண்டு மூன்று பனைகளின் காயங்களிலிருந்து பின்னோக்கி நூல் பிடித்தால், முற்றத்தில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று ஓரளவு சொல்லலாம். உங்களுக்கு விருப்பமென்றால் அதை அளப்பதற்கு ஒரு நாடாவும் நூல்கண்டும் போதும், நானே வந்து செய்து தருவேன். ஆனால் சிதறுதுண்டு எல்லாப் பக்கமும் பறப்பது. வெடித்த இடத்திலிருந்து அது பறந்த கோட்டைத்தான் மரம் வைத்திருக்கிறது, எறிகணை வந்த கோட்டை அல்ல. இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்தப் பனைகளை மட்டும் கொண்டு, சுட்ட பீரங்கி எந்தத் திசையில் நின்றது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். முடிக்குமுன் ஒன்று சொல்கிறேன்: காயத்துக்குள் இரும்புத் துண்டு இன்னும் பதிந்திருந்தால் கத்தியால் கிளற வேண்டாம், வளவின் நிலத்தில் உலோகம் எதுவும் தலைகாட்டினால் தொடாமல், அந்த இடத்தைக் குறித்துவைத்து, கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவியுங்கள்.